சோஃபாக்காரர் வீட்டு நாற்காலி

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வருகிறது, மூன்றாவதில் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீங்கள் தூக்கி மூலையில் போட்டாலும் அம்மா எடுத்து மீதியைப் படித்துக் காட்டிவிடுவாள்.

முதலில் நல்ல செய்தி. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்காணலிலும் தேறிவிட்டேன். இனி பாக்கி ஒன்றே ஒன்று. உதவித்தொகை கொடுக்கிற அறக்கட்டளையிலிருந்து ஒருவர் நம் வீட்டை நேரில் பார்க்க வருவார். நாம் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று பார்ப்பார்களாம்.

இதுவரை வந்து சேர்வதற்குள் தலையால் தண்ணி குடித்துவிட்டேன் அப்பா. உங்கள் வருமானச் சான்றிதழை மட்டும் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை முத்திரை கையெழுத்தை மறைத்துவிட்டதாம். இரண்டாவது தடவை முத்திரை கையெழுத்தைத் தொடவே இல்லையாம். முத்திரை கையெழுத்தைத் தொட வேண்டும், ஆனால் மறைக்கக் கூடாது. மூன்றாவது தடவை இரண்டும் சரியாக இருந்தது, தேதி பழசாகிவிட்டது. ஏழை என்று நிரூபிப்பது பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது. நான் அடிக்கடி லீவு போடுவதைப் பார்த்து மருந்துக் கடை முதலாளி, "உனக்கு உதவித்தொகை வர்றதுக்குள்ள நான் கடையை மூடிடுவேன் போல" என்கிறார்.

போன வருஷம் பாதி உதவித்தொகை கொடுத்தார்கள். பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டணம் அவர்கள் பொறுப்பு. விடுதி, சாப்பாடு, புத்தகம் நம் பொறுப்பு. நம்மால் ஆகாது என்று இடத்தை விட்டேன். அடுத்த வருஷம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். முழு உதவித்தொகை கிடைப்பதானால் இந்த வருஷம்தான், இல்லாவிட்டால் இல்லவே இல்லை. மாத்திரை அட்டைகளை அலமாரியில் அடுக்கியது போதும். அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று படிக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிறவர் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
நீங்கள் வைத்த பட்டப்பெயரில் வக்கீலம்மா


பிப்ரவரி 2

அன்பான வக்கீலம்மாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. எனக்கு வேலை அதிகம். முன் அறையில் இப்போது நடக்கவே இடமில்லை. டாக்டரம்மா வீட்டுப் பச்சை வெல்வெட் சோஃபா, வங்கி மேனேஜர் வீட்டு செட் ஒன்று, நகைக்கடை முதலாளியின் சாய்வு நாற்காலி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மேனேஜர் வீட்டுக்காரம்மா மூன்று தடவை துணியின் நிறத்தை மாற்றிவிட்டாள். நாலாவது தடவை வந்தால் நான் வாசல் கதவைத் திறப்பதாக இல்லை.

நீ சொன்ன ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. டாக்டரம்மாவின் பச்சை வெல்வெட்டில் உட்கார வைத்தேன். அன்றைக்குக் காலையில்தான் ஸ்பிரிங் எல்லாம் மாற்றி முடித்திருந்தேன். உட்கார்ந்ததும் "அடடா" என்றார். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டு டீச்சரிடம் நல்ல கோப்பைகள் வாங்கி வந்து அம்மா டீ கொடுத்தாள்.

நீ நேர்காணலில் பேசியதையெல்லாம் விவரமாகச் சொன்னார். மிகவும் உருக்கமாகப் பேசினாயாம். இருக்கட்டும்.

கேட்டதற்கெல்லாம் தலை நிமிர்ந்து பதில் சொன்னேன். ஒரு குறையும் வைக்காமல் அனுப்பிவைத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். கடையில் நின்றுகொண்டே சாப்பிடாதே.

அப்பா


பிப்ரவரி 27

அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நான் நலமாக இல்லை.

முடிவு வந்துவிட்டது. பாதி. மறுபடியும் அதே பாதி. தேர்வில் போன வருஷத்தைவிட எவ்வளவோ மேலே வந்திருக்கிறேன், நேர்காணலில் முதல் வரிசையில் இருக்கிறேன், ஆனாலும் பாதி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய் அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் காரணம் கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். நான் நகராமல் நின்றேன். கடைசியில் என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ, எரிச்சலாக இருந்ததோ, சொல்லிவிட்டாள்.

"உங்க வீட்டுல ஒரு சோஃபா, ஒரு செட், ஒரு சாய்வு நாற்காலி, எல்லாம் புதுசு போல இருக்குதாமே. யாரோடதுன்னு கேட்டதுக்கு உங்கப்பா, 'எல்லாம் எங்களோடதுதான்'னு சொல்லியிருக்கார். அப்புறம் எங்களை என்னம்மா பண்ணச் சொல்றீங்க?"

எல்லாம் எங்களுடையதுதான். அப்பா, அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து எப்படி வந்தது? டாக்டரம்மாவின் பச்சை வெல்வெட் எப்போதிலிருந்து நம்முடையது ஆனது? அது மாதிரி ஒரு சோஃபாவில் ஒரு நாள் நான் பையை வைத்ததற்கே, "வாடிக்கையாளர் பொருள், எடு கையை" என்று கத்தியவர் நீங்கள். சின்ன வயதில் அந்த அறையில் எதன்மேலும் நான் சாய்ந்ததுகூட இல்லை. ஊரார் சோஃபாவைக் காட்டி உங்கள் பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டீர்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று எழுதினேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தேன். அதுகூட உங்களால் முடியவில்லை.

மார்ச் மாதக் கடைசிக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். நான் செய்தால் செல்லாது, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். சோஃபாக்கள் எதுவும் என்னுடையதல்ல, எனக்கு வசதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். போனில் கேட்டால் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 5

மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா படித்துக் காட்டவில்லை. நானே இரண்டு தடவை படித்தேன்.

நீ கேட்டாய், அந்த வார்த்தை எப்படி வந்தது என்று. சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தக் கண்ணாடிக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். "உங்க பொண்ணு நேர்காணல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ஊருக்கெல்லாம் சோஃபா தைக்கிறவர் எங்கப்பா, ஆனா எங்க வீட்டுல உட்கார ஒரு நாற்காலி கிடையாது, தரையில உட்கார்ந்துதான் படிச்சேன்னாங்க. எங்க தலைவரம்மா கண்ணையே துடைச்சுக்கிட்டாங்க." சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த சோஃபாவை ஒரு தட்டுத் தட்டி, "அப்ப இதெல்லாம் யாரோடது?" என்று சிரித்தார்.

அவர் சிரிக்காமல் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

நாம் தரையில் உட்கார்ந்தோம். அதனால் என்ன? நானும் தரையில் உட்கார்ந்துதான் தைக்கிறேன். உனக்குப் பசிக்க விட்டேனா? பள்ளிக்கூடத்துக்குக் கிழிந்த பையோடு அனுப்பினேனா? வெல்வெட் துண்டில் நான் தைத்துக் கொடுத்த பையைப் பார்த்து உன் வகுப்பே கேட்டதே, அதை நேர்காணலில் சொன்னாயா? நம் வீட்டுத் தரை நமக்குள் இருக்கிற விஷயம். அதை எடுத்துக்கொண்டு போய் யாரோ ஒரு அம்மா கண்ணைத் துடைக்கக் கொடுத்துவிட்டாய்.

எனக்கு வசதி இல்லை என்று என் கையால் எழுத மாட்டேன். வேறு என்ன வேண்டுமானாலும் கேள்.

அப்பா

அம்மா எழுதுவது: தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், அடியில் இடம் இருந்தது, எழுதுகிறேன். அவர் அன்றைக்கு அந்த ஆள் போனதிலிருந்தே சரியாகப் பேசுவதில்லை. மேனேஜர் வீட்டு வேலையைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன பழைய மரச்சட்டம் ஒன்றை எடுத்து நாற்காலி செய்துகொண்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார். நீ இளகி எழுது கண்ணு. அவரும் நீயும் ஒரே மாதிரி, நடுவில் கிடந்து நான்தான் அல்லாடுகிறேன்.


மார்ச் 12

அப்பாவுக்கு,

அம்மா சொன்னதற்காக இளகி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் வருகிறது பார்க்கலாம்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்து பேர், ஒரு நீளமான மேசை. எனக்கு முன்னால் போன பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள். நான் மருந்தியல் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தேன். கடையில் ஒரு பெரியவர் ஒன்றோடொன்று சேரக் கூடாத இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கேட்டதையும், நான் கண்டுபிடித்து நிறுத்தியதையும் சொன்னேன். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், "எல்லாரும்தான் நல்லா மார்க் வாங்கியிருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் முழுசா குடுக்கணும்?" என்று கேட்டார். அப்போது என் வாயில் நாற்காலி வந்துவிட்டது. உடனே போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்தார். என் படிப்புக்கு நிமிராத தலைகள் நம் வீட்டுத் தரைக்கு நிமிர்ந்தன. அங்கே எது எடுபடும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று, நானும் நிறுத்தாமல் பேசினேன்.

வெளியே வந்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. வெல்வெட் பையைச் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சொல்லியிருந்தால் பாதிகூடக் கிடைத்திருக்காது அப்பா. நன்றாக வளர்ந்த பெண்ணுக்கு யார் கொடுக்கிறார்கள்? அதற்காக எனக்கும் அவர்கள்மேல் ஆத்திரம்தான். ஆனால் அவர்களிடம் காட்ட முடியாது. அதையும் சேர்த்து உங்கள்மேலேயே காட்டுகிறேன் போலிருக்கிறது.

சரி, இளகியது போதும். வசதி இல்லை என்று நீங்கள் எழுத வேண்டாம். மறுபடி வந்து பாருங்கள் என்று மட்டும் எழுதுங்கள். அலுவலகத்து அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டுவிட்டேன், அது போதுமாம். ஆனால் அவர் வருவதற்குள் எல்லா சோஃபாவையும் கொடுத்தனுப்பிவிடுங்கள். சுவரில் இருக்கிற கடிகாரத்தை இறக்கிவிடுங்கள். டீச்சர் வீட்டுக் கோப்பைகள் வேண்டவே வேண்டாம், டம்ளரில் கொடுங்கள். நீங்கள் செய்கிற நாற்காலி யாருடையதோ, அதையும் முதலில் அனுப்பிவிடுங்கள். அறை காலியாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதாவிட்டால் நான் இந்த மருந்துக் கடையிலேயே கிடப்பேன், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று பெருந்தன்மையாக எழுத ஆசை. முடியவில்லை. உங்களைத்தான் சொல்வேன். ஆயுசுக்கும் சொல்வேன்.

வக்கீலம்மா


ஏப்ரல் 4

அன்பான வக்கீலம்மாவுக்கு,

எழுதி அனுப்பினேன். "போன தடவை நான் சொன்னது தப்பு, மறுபடி வந்து பாருங்கள்" என்று ஒரே வரி. கையெழுத்தை முத்திரை மறைக்கவில்லை, ஏனென்றால் என்னிடம் முத்திரை இல்லை.

நேற்று வந்தார். அதே கண்ணாடிக்காரர்.

நீ சொன்ன எதையும் நான் செய்யவில்லை. கடிகாரம் சுவரில்தான் இருக்கிறது. மேனேஜர் வீட்டு செட்டும் அப்படியே இருந்தது, அவர்கள் பணம் கொடுக்காமல் எப்படி அனுப்புவது? அந்தப் புது நாற்காலியையாவது டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போன தடவை இல்லாததை இருக்கிறது என்றேன், அதற்கு நீ என்னைத் தின்றுவிட்டாய். இந்தத் தடவை இருப்பதை இல்லை என்று காட்டச் சொல்கிறாய். உள்ளதை உள்ளபடி சொல் என்று ஜனவரியில் எழுதியதும் நீதான். உன் கடிதங்களில் எதைக் கேட்பது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. முதலாவதைக் கேட்டேன்.

அவர் உள்ளே வந்து நேராக மேனேஜர் வீட்டு சோஃபாவை நோக்கிப் போனார். "அது வாடிக்கையாளரோடது. அதுல உங்களை உட்கார வைக்க எனக்கு உரிமை இல்லை. இதுல உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினேன்.

"இது யாரோடது?"

"இது எங்களோடது. என் பொண்ணுக்குச் செஞ்சது. நீங்க போன தடவை வந்துட்டுப் போனப்புறம் செஞ்சேன். இந்த வீட்டுல எங்களோடதுன்னு இருக்கிற நாற்காலி இது ஒண்ணுதான்."

உட்கார்ந்தார். இந்தத் தடவை "அடடா" என்று சொல்லவில்லை. ஸ்பிரிங் புதிது, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். டம்ளரில் டீ கொடுத்தோம், டீச்சர் வீட்டுக் கோப்பையை அம்மா ஏற்கனவே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் நீ ஜெயித்தாய்.

"இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"நீங்க சிரிச்சீங்க" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உட்கார்ந்தபடியே நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் வீட்டு சோஃபாவுக்கும் துணி மாற்ற வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்டார். முடிவு வருகிற வரைக்கும் உங்கள் வீட்டு வேலையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள். வந்த வேலையை யாராவது விடுவார்களா என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. கிடைக்காவிட்டால் என்னை ஆயுசுக்கும் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

நாற்காலி பச்சை வெல்வெட். டாக்டரம்மா வீட்டுத் துணியில் மிஞ்சியது. அவர்களிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

அப்பா


மே 20

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

கிடைத்துவிட்டது. முழுசாக. கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், நான்கு வருஷத்துக்கும். இந்தச் செய்தியைப் போனில்தான் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்து அம்மா காகிதத்தைக் கையில் கொடுத்ததும் போனை எடுத்து உங்கள் எண்ணைப் போட்டேன். பிறகு கட் செய்துவிட்டேன். எனக்கு அழுகையாக வந்தது, நீங்களும் அழுதால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. சண்டை போட்டால் சமாளிப்பேன். இது பழக்கமில்லை.

அந்தக் கண்ணாடிக்காரர் என்ன எழுதினார் என்று கேட்டேன். அலுவலகத்து அம்மா சொல்லவில்லை. "உங்கப்பாவைப் பத்தி இங்க ரெண்டு நாளா பேச்சு" என்று மட்டும் சொன்னாள். நல்லவிதமாகவா, கெட்டவிதமாகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடை முதலாளிக்கு ஒரே சந்தோஷம். இனி லீவு கேட்க மாட்டேன் அல்லவா.

இப்போது கோபப்படாமல் கேளுங்கள். ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். குடும்ப நிலையில் முன்னேற்றம் தெரிந்தால் தொகையைக் குறைக்கலாமாம். நானே மூன்று தடவை படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. பெண்ணைப் படிக்க வைப்பது முன்னேறத்தானே, ஆனால் படித்து முடிக்கிற வரை முன்னேறக் கூடாதாம். இதை எழுதியவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

அதனால் அப்பா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நான்கு வருஷத்துக்கு நம் வீட்டில் அந்த ஒரு நாற்காலி மட்டும் இருக்கட்டும். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். ரோஷம் வந்தால் அறை நிறையச் செய்து வைப்பீர்கள். வேண்டாம்.

ஐந்து பேர் முன்னால் நான் பேசியது பேசியதுதான், திருப்பி எடுக்க முடியாது. ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் தொழிலுக்கு நேரே கூலி வேலை என்று எழுதியிருந்தேன், அப்படி எழுதினால்தான் நல்லது என்று யாரோ சொன்னார்கள். சேர்க்கைக் காகிதத்திலும் அதுவே இருந்தது, அதை அடித்துவிட்டு, சோஃபா செய்பவர் என்று எழுதினேன். எழுதும்போது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

விடுதியில் சேர்வதற்கு முன்னால் ஒரு வாரம் வருகிறேன். வந்ததும் முதலில் அந்த நாற்காலியில்தான் உட்காரப் போகிறேன். யாரும் எடு கையை என்று கத்தக் கூடாது.

உங்கள் வக்கீலம்மா


மே 28

அன்பான வக்கீலம்மாவுக்கு அப்பா எழுதுவது,

உன் கடிதம் வந்ததும் அம்மா டீச்சர் வீட்டுக்கு ஓடினாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜர் வீட்டுக்காரம்மா செட்டை எடுத்துப் போக வந்தபோது மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். நகைக்கடைக்குப் போகிற வேலை இருந்தது, அங்கேயும் சொன்னேன்.

நிபந்தனையைப் படித்தேன். முன்னேறக் கூடாது என்று ஒரு மனிதன் எழுதி, இன்னொரு மனிதன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதற்கு முத்திரை வேறு. நல்லவேளை, அந்தக் கண்ணாடிக்காரர் சோஃபாவை நான் எடுக்கவில்லை. வருஷா வருஷம் வந்து பார்க்கிறவருடைய பொருள் என் வீட்டில் கிடந்தால் உனக்குத்தான் வம்பு. அவர் வீட்டு வேலையை நான்கு வருஷம் கழித்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் அந்த ஸ்பிரிங் தாங்காது, அது அவர் பாடு.

ஒரு விஷயம் நீ எழுதுவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. இரண்டாவது நாற்காலிக்குச் சட்டம் அடித்து முடித்துவிட்டேன். அம்மாவுக்கு. கோபப்படாதே. முழங்கால் வலியோடு அவள் எத்தனை நாளைக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பாள்? யோசித்துப் பார்த்து ஒரு வழி செய்திருக்கிறேன். துணி போடப் போவதில்லை. சட்டத்தின்மேல் ஒரு பலகையை வைத்திருக்கிறேன், அவள் அதில் உட்காருகிறாள். துணி போடாததை எங்கள் தொழிலில் யாரும் நாற்காலி என்று சொல்ல மாட்டார்கள். கண்ணாடிக்காரர் கேட்டால் இதையே சொல்வேன், அதுதான் உண்மையும்.

நீ படிப்பை முடித்து வருகிற அன்றைக்கு அதற்குத் துணி போடுகிறேன். என்ன நிறம் என்று நீயே யோசித்து எழுது. மேனேஜர் வீட்டுக்காரம்மா மாதிரி மாற்றிக்கொண்டே இருக்காதே. அவசரமில்லை, நான்கு வருஷம் இருக்கிறது. ஆனால் எழுது. போனில் சொல்லாதே, சண்டை வரும்.

அப்பா